கோகிலவாணிக்கு ஏறிய மஞ்சள்

மாசி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை விடிந்தபோது, மூங்கில்வலசில் இட்ட முட்டைகளில் ஒன்றில்கூட மஞ்சள் கரு மஞ்சளாக இல்லை. ஏழு பண்ணைகள், எண்பதாயிரம் கோழிகள், எல்லா முட்டையிலும் உள்ளே பால் போல ஒரு வெள்ளை உருண்டை, அதைச் சுற்றி வழக்கமான வெள்ளை, அவ்வளவுதான். முதலில் பார்த்தது பஸ் நிறுத்தத்தில் ஆம்லெட் போடும் சரசக்கா. தன் கண்ணில்தான் புரை விழுந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது முட்டையை உடைத்தாள், மூன்றாவதை உடைத்தாள், பிறகு வெங்காயத்தையும் மிளகையும் தூவி எடுத்துக் கொடுத்தாள். வாங்கித் தின்ற லாரி டிரைவர் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முட்டையைப் பார்த்து வாயைப் பிளக்கும் ஆட்கள் நாங்கள் இல்லை. இரட்டைக் கரு பார்த்திருக்கிறோம், ஓடே இல்லாமல் தோலோடு விழுந்த முட்டை பார்த்திருக்கிறோம், முட்டைக்குள் முட்டையும் பார்த்திருக்கிறோம். ஆகவே மத்தியானத்துக்குள் நாமக்கல்லிலிருந்து கோழி டாக்டரைக் கூப்பிட்டுவிட்டோம். அவர் இளவட்டம், படித்த பிள்ளை, தீவனத்தை அள்ளி முகர்ந்தார், கண்ணாடிக் குழாயில் போட்டுக் குலுக்கினார், கடைசியில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. மக்காச்சோளம் இருக்குது, செண்டுமல்லித் தூள் இருக்குது, எண்ணெயும் சேர்ந்திருக்குது. கோழியும் நல்லாத் திங்குது. தின்ன மஞ்ச கோழிக்குள்ள தங்காம வேற எங்கயோ போகுதுங்க. எங்க போகுதுன்னுதான் தெரியல."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோழியால் மஞ்சளை உண்டாக்க முடியாது, எந்தப் பிராணியாலும் முடியாது, செடிதான் உண்டாக்கும், சோளத்திலும் பூவிலும் கீரையிலும் அது இருக்கும், கோழி அதைத் தின்னும். வெறுமனே தின்றால் போதாது. எண்ணெய் கலந்திருந்தால்தான் குடல் அந்த மஞ்சளைப் பிடித்து ரத்தத்துக்குள் விடும், இல்லையென்றால் வந்த வழியே எச்சத்தோடு வெளியே போய்விடும். ரத்தம் அதை ஈரலுக்குக் கொண்டுபோகும், ஈரல் கொழுப்புக்கு அனுப்பும், தோலுக்கு அனுப்பும், அலகுக்கும் காலுக்கும் அனுப்பும். முட்டையிடாத இளங்கோழியின் கால் அப்படித்தான் நல்ல மஞ்சளாக இருக்கும். முட்டையிட ஆரம்பித்ததும், காலிலும் அலகிலும் சேர்த்து வைத்ததை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்துக் கருவுக்குள் வைக்கும், பிறக்கப்போகும் குஞ்சுக்குத் தாய் கட்டிக்கொடுக்கிற சீர் அது. கோழி நூறு முட்டை இடுவதற்குள் கால் வெளுத்துப்போகும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

மஞ்சள் எங்கே போகிறது என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பூபதியின் தீவன மில்லில் அவன் மனைவி கோகிலவாணி மூட்டையைக் கட்டிவிட்டுக் கைகழுவப் போனாள், சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள், உள்ளங்கை மஞ்சள் போகவில்லை. செண்டுமல்லித் தூளின் கறை என்று நினைத்தாள். திங்கட்கிழமை முழங்கை வரைக்கும் வந்தது, புதன்கிழமை மூக்கின் இரண்டு பக்கமும் நெற்றியும் மஞ்சள், அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளங்காலிலிருந்து காது மடல் வரைக்கும் அவள் மஞ்சளாக இருந்தாள். கண்ணின் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது, அதனால் காமாலை இல்லை என்று நாமக்கல்லில் பார்த்த டாக்டரும் சொன்னார். ரத்தம் நன்றாக இருக்கிறது, ஈரல் நன்றாக இருக்கிறது, பப்பாளி அதிகம் தின்னாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தார். அவள் பப்பாளியே தின்பதில்லை.

கோகிலவாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமத்தி வேலூர்ப் பக்கம் பிறந்தவள், முப்பத்தொரு வயது, பூபதியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து ஒன்பது வருடம். அப்பா அம்மா இல்லை, ஒரே அண்ணன், அவன் வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். இங்கே வந்த இரண்டாம் வருடமே மில்லை அவள் கையில் எடுத்துக்கொண்டாள், பூபதி தன் கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டான். ஒரு பிடித் தீவனத்தை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து எண்ணெய் குறைவு, சுண்ணாம்புக் கல்லுமாவு கூடுதல் என்று சொல்லிவிடுவாள், ஏழு பண்ணைக்கும் அவள் கலந்ததுதான் போகும். வாய் கொஞ்சம் அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். குழந்தை இல்லை.

மஞ்சள் ஏறியவளை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் அளந்தது. பண்ணைக்காரர்களிடம் ஒரு அட்டை விசிறி உண்டு, விரித்தால் வெளிர் மஞ்சளிலிருந்து செங்காவி வரைக்கும் வரிசையாகப் பதினைந்து பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், உடைத்த முட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கரு எத்தனையாவது நிறம் என்று பார்க்கிற சாமான் அது. அதைக் கொண்டுவந்து கோகிலவாணியின் கன்னத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்கள். முதல் வாரம் ஏழு. அடுத்த வாரம் பத்து. அவளும் சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினாள், "பதினஞ்சு வந்தா எனக்குப் பரிசு குடுப்பீங்களா?" என்று கேட்டாள். கூண்டு வரிசையில் அவள் நடந்து போனால் அந்தந்த வரிசைக் கோழிகள் கத்துவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி அவளையே பார்த்தன, தங்களுடைய சாமானை யார் வைத்திருக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பெண்கள் வந்தார்கள். மஞ்சள் தானாக ஒரு பெண்ணின் மேல் ஏறுகிறதென்றால் மாரியாத்தா சும்மா ஏற்றுவாளா? கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிட்டார்கள், பெண்ணுக்கு முதல் நலங்கு அவள் கையால் வைக்கச் சொன்னார்கள், சீக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தார்கள். பிள்ளையில்லாதவள் என்று ஒன்பது வருடமும் எல்லா விசேஷத்திலும் பின்வரிசையில், சமையல்கட்டு வாசல் ஓரமாக நின்றவள் அவள். அவளை அங்கே நிற்கச் சொன்னவர்களே இப்போது கையைப் பிடித்து முன்னால் இழுத்து உட்கார வைத்தார்கள். மூன்று வாரம் அவள் அப்படி உட்கார்ந்தாள். அந்த மூன்று வாரமும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நாங்கள் பார்த்ததில்லை.

அதைக் கெடுத்தது நாச்சிமுத்து அண்ணன். கெடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக ஏழு பண்ணையிலும் கழிவு பார்ப்பவர் அவர். வாரம் ஒரு பண்ணை, கூண்டு கூண்டாக நடப்பார், கோழியின் காலைப் பார்ப்பார், வெளுத்த காலென்றால் விட்டுவிடுவார், மஞ்சள் காலென்றால் கையை உள்ளே விட்டு எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். வெளுத்த கால் முட்டையிடுகிற கோழி. மஞ்சள் கால் முட்டையிடாத கோழி, தின்பதையெல்லாம் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிற கோழி. கூடையில் விழுந்ததை மறுநாள் கறிக்கடை வண்டி வந்து ஏற்றிப் போகும். அவர் கண் தப்பியதாக ஒருவரும் சொன்னதில்லை.

சரசக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கோகிலவாணி இன்று பதிமூன்று வந்துவிட்டாள் என்று சொல்ல, நாச்சிமுத்து அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுக்கு டாக்டரு எதுக்குங்க. மஞ்சக் காலு. கல்யாணமாயி ஒம்போது வருசம். நான் வேற என்னத்தச் சொல்ல?"

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். நாங்கள் கோழிக்காரர்கள். எங்கள் சோறு, எங்கள் பிள்ளைகளின் படிப்பு, எங்கள் வீட்டுக் கூரை எல்லாமே கோழியின் காலைச் சரியாகப் பார்த்ததால் வந்தவை. அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாருக்கும் உண்மையாகிவிட்டது, சாயங்காலத்துக்குள் பூபதி வீட்டு வாசலுக்கும் போய்விட்டது.

பூபதியின் அம்மா செல்லாயாள் ஒன்பது வருடத்தில் மருமகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட வந்த மருமகளின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள், மறுநாளும் காலைப் பார்த்தாள், நாலாம் நாள் வேலூருக்கு, அவள் அண்ணனிடம் ஆள் அனுப்பினாள். பங்குனித் திருவிழா முடிந்ததும் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போவதென்றும், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றும் பேச்சானது. கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அதற்குள்ளேயே திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி இரண்டு பேர் பூபதி வீட்டில் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நலங்குக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிள்ளையை மடியில் போட்டவர்கள் அந்தத் தெருவிலேயே போகாமல் சுற்றிப் போனார்கள்.

கோகிலவாணி புருஷனிடம் போனாள்.

"மாமா, அண்ணன் வூட்டுல எனக்கு ஒரு மூல கூடக் கெடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். மில்ல உட்டுட்டு நான் எங்க போவேன்? நீங்க ஒரு வார்த்த சொன்னா அத்த கேப்பாங்க."

"பாக்கலாம் கோகிலா. திருவிழா முடியட்டும்," என்றான் பூபதி.

பூபதி நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், நாமக்கல் போனால் பூ வாங்காமல் திரும்ப மாட்டான். நல்லவன் என்று பெயர் வாங்கிய பலரைப் போல அவனும் வாயைத் திறக்காமலேயே அந்தப் பெயரை வாங்கியிருந்தான்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. கோழியில் அது ஒரு வரிசையில்தான் இறங்கும், முதலில் எங்கே என்று சொல்வது நாகரிகமில்லை, அதற்கப்புறம் கண் வளையம், அப்புறம் காது மடல், அப்புறம் அலகு, கடைசியில்தான் கால். கோகிலவாணிக்கும் வரிசை மாறவில்லை. செவ்வாய்க்கிழமை இமைகள் வெளுத்தன, வியாழக்கிழமை காது மடல், சனிக்கிழமை உதடு ஓரத்திலிருந்து நடு வரைக்கும். நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் எட்டவே நின்று பார்த்தார், பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"முட்டைக்கு வந்துருச்சு," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வகுத்துல வந்துருச்சுங்க," என்று திருத்தினார்.

ஊர் பொங்கிவிட்டது. வேலூருக்குப் போன சேதியை இன்னொரு ஆள் போய்த் திரும்ப வாங்கிவந்தார். செல்லாயாள் மருமகளை மில் பக்கமே போகக் கூடாது என்று கட்டிலில் உட்கார வைத்து, மாதுளையை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள், முருங்கைக்கீரையில் நெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள், தான் செய்த பாவத்தை ஒரு வாரத்துக்குள் கழுவிவிடப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வளையல் எந்த நிறம் என்று பேசத் தொடங்கினார்கள். கோகிலவாணி மட்டும் மாதுளைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, நான் சொல்றதக் கேளுங்க. வகுத்துல ஒண்ணும் இல்லீங்க. தலைக்கு ஊத்தி நாலு நாளுதான் ஆச்சு."

"வாயக் கழுவு கண்ணு. நாச்சிமுத்தண்ணன் கண்ணு தப்புமா? மாதுளையச் சாப்புடு."

சரசக்காவிடம் சொன்னாள். முதல் மாதங்களில் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று சரசக்கா சிரித்தாள். புருஷனிடம் சொன்னாள். அவன் சன்னலைப் பார்த்தபடி, "இருக்கட்டும் கோகிலா. எல்லாரும் சந்தோசமா இருக்காங்க," என்றான். அவள் சொன்ன உண்மை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவள் கை வெளுத்தது, உள்ளங்கால் வெளுத்தது, கடைசியாகக் கணுக்காலுக்கு மேலும் வெளுத்து அவள் தன் பழைய மாநிறத்துக்கு வந்து சேர்ந்தாள். முட்டைகளோ வெள்ளையாகவே இருந்தன. அப்படியானால் அவளை விட்டு இறங்கிய மஞ்சள் எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டோம், அதில் ஒரு நிம்மதி இருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் வந்தது. அது எங்கள் ஊர் வழக்கம், வேண்டுதல் பலித்த வீட்டு ஆண்பிள்ளை ஆற்றில் குளித்து, குடத்தில் நீர் மொண்டு, செருப்பில்லாமல் நடந்து வந்து ஆத்தாவுக்கு ஊற்ற வேண்டும், வழியில் குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அந்த வருடம் முதல் குடம் பூபதிக்கு. அவன் எவ்வளவோ தட்டிப் பார்த்தான், பண்ணையில் வேலை இருக்கிறது என்றான், காலில் வலி என்றான், அம்மா விடவில்லை. ஒரு வாரமாக அவன் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்கூடக் கழற்றாமல் நடந்ததை நாங்கள் பார்த்துத்தான் இருந்தோம். கோழிக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்கிறான், பொறுப்பான பையன் என்று சொல்லியும் இருந்தோம்.

அன்று தெற்கே தூசி எழும்ப, மேளம் முன்னால் வர, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் குடத்தோடு அவன் ஊருக்குள் வந்தபோது வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள். தீர்த்தம் கொண்டுவருகிறவர்களின் காலில் மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். அதனால் அவன் கால் மஞ்சளாக இருந்தது யார் கண்ணுக்கும் உறுத்தவில்லை. அவன் வீட்டு வாசலில் ஓர் ஆம்னி வேன் நின்றிருந்தது, தீர்த்தம் ஊற்றி முடிந்ததும் கோகிலவாணியை நாமக்கல்லுக்கு ஸ்கேன் பார்க்க அழைத்துப் போவதற்காகச் செல்லாயாள் சொல்லி வைத்திருந்த வண்டி. செல்லாயாள் சொம்பு நிறைய நல்ல தண்ணீர் வைத்திருந்தாள். மகன் ஆறு மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறான், மஞ்சள் நீர் காய்ந்து பிசுபிசுவென்று இருக்கும் என்று அவள் குனிந்து அவன் காலைக் கழுவினாள். மஞ்சள் போகவில்லை. சேலைத் தலைப்பால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் கணுக்காலுக்கு மேலே போயிருந்தது, ஒருவரும் தண்ணீர் ஊற்றாத முழங்கால் வரைக்கும் போயிருந்தது.

மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள். அட்டை விசிறி இல்லாமலே எல்லாருக்கும் எண் தெரிந்தது, பதினைந்து. அதற்குமேல் அந்த விசிறியில் பட்டை கிடையாது.

எல்லாரும் நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தோம். அவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. நிமிர்ந்தபோது கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"சேவலுக்குக் காலு மஞ்சளாத்தானுங்க இருக்கும். சேவல் என்ன முட்டையா உடுது, மஞ்ச எறங்கறதுக்கு? நல்ல சேவலுக்கு மஞ்சக் காலுதான் அழகு."

அது பொய்யில்லை. சேவலுக்குக் கால் வெளுக்காது. அந்த நிமிடம் எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது, அப்படிச் சொல்லுங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள், ஒருத்தர் சிரித்தார், மேளக்காரர் குச்சியை எடுத்தார். நானும் தலையாட்டினேன். தலையாட்டவில்லை என்று இப்போது சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

"நாச்சிமுத்தண்ணா."

வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோகிலவாணிதான் கூப்பிட்டது. குரலில் கோபம் இல்லை, மில்லில் ஏதோ மூட்டையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"முப்பது வருசமா இந்த ஏழு பண்ணையிலயும் நடந்திருக்கீங்க. எந்தக் கூண்டுலயாவது ஒரு சேவல் பாத்திருக்கீங்களா?"

"இல்ல அம்மிணி."

"ஏனுங்ண்ணா இல்ல?"

"குஞ்சு பொரிச்ச அன்னிக்கே சேவல் குஞ்சத் தனியாப் பிரிச்சு எறிஞ்சுருவாங்க அம்மிணி, பண்ணைக்கே வராது. முட்டையிடாத சாமானுக்குத் தீவனம் போட்டு என்ன..." என்று பாதி சொன்னவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போது பூபதி தலையிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தரையில் வைத்தான். வைக்கக் கூடாத இடத்தில் தீர்த்தத்தை வைத்துவிட்டானே என்று பதறுவதற்குக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

"போதும் கோகிலா. எனக்குத் தெரியும். மூணு வருசமாவே தெரியும். மெசினுக்குப் பெல்ட்டு வாங்கறேன்னு சொல்லிட்டு ஈரோடு போய்ப் பாத்தேன். எங்கிட்டத்தான் கொற, பொறக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்லிட்டாங்க. சொல்லலாம் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"மூணு வருசமாவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மேல மஞ்ச ஏறி, என்னைய வேலூருக்கு அனுப்பறதுக்கு நாள் குறிச்சாங்களே மாமா. அன்னிக்குக் கூடவா சொல்லத் தோணல?"

செல்லாயாள் எழுந்து வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதாள், உண்மையாகவே அழுதாள், மகனுக்காகத்தான் அழுதாள்.

"கண்ணு, ஊரே நின்னு பாக்குது. என்ற பையன இனி ஆரு மதிப்பாங்க? நீ ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லு கண்ணு. இல்லைன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

கோகிலவாணி அந்தக் கைகளை உதறவில்லை. பூபதியைப் பார்த்துத்தான் சொன்னாள், கண்ணீர் தாரையாக வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"மூணு வருசத்துக்கு முன்னால எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாருன்னா, நான் ஆருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன் அத்த. இந்த மஞ்சளக் கடைசி வரைக்கும் நானே வெச்சிருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு வேனின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். மாற்றுச்சேலை ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கா என்று டிரைவர் கேட்டான். இல்லை தம்பி, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடு என்றாள். வேலூர் பஸ்ஸா என்று கேட்டான். அதுவும் இல்லை என்றாள். ராசிபுரம் பக்கம் ஒரு தீவன மில்லில் அவள் கலக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டோம், அவள் கை அப்படிப்பட்ட கை, எங்கேயும் வேலை கிடைக்கும். இரண்டு தடவை பெரியவர்களாகச் சேர்ந்து கூப்பிடப் போனோம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பூபதியை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. அவன் அதே வீட்டில் இருக்கிறான், அதே பண்ணையைப் பார்க்கிறான், விசேஷங்களில் முன்வரிசையில் உட்காருகிறான், நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். மஞ்சள் இன்றுவரை இறங்கவில்லை, முட்டைக்கும் திரும்பவில்லை. அவன் எதிரே வந்தால் ஊரில் ஒருவர் கண்ணும் கீழே போவதில்லை, எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே அதைக் கற்றுக்கொண்டுவிட்டோம். கோகிலவாணியிடம் ஒரு நாள்கூட நாங்கள் அப்படிப் பேசவில்லை.